பேசும் பெட்டி ஏன் மௌனமாகிறது?

முன்னாளில் நம் வீட்டுக் கூடத்தில் வானொலிப் பெட்டி வீற்றிருந்தது. அதிலிருந்து ஏரியல் கம்பி கூரைவரை சென்றது. ஒலி தெளிவாக இல்லையெனில் கம்பியைத் திருப்பிப் பார்ப்போம். பெட்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவோம். இன்றோ பல இல்லங்களில் அந்த இடத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி அமர்ந்திருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்கிறது. செய்தி சொல்கிறது, பாடுகிறது, மருந்து உண்ணும் நேரத்தை நினைவூட்டுகிறது. அமேசான் நிறுவனத்தின் எக்கோ 2014-லும், கூகுள் நிறுவனத்தின் ஹோம் 2016-லும் அமெரிக்காவில் வெளிவந்தன. சில ஆண்டுகளுக்குள் அவை நம் நாட்டிற்கும் வந்துவிட்டன.

இளையோருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. அது பேசாவிட்டால் அவர்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. ஆனால் பார்வை மங்கி, எழுத்தைத் தட்டவும் இயலாத பாட்டியின் நிலை வேறு. வீட்டிலுள்ள புதுக் கருவிகளுள், பிறர் உதவியின்றி அவர் தாமே இயக்கக்கூடியது இது ஒன்றுதான். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் பகல் முழுதும் அக்குரலே அவருக்குத் துணை. ஒரு நாள், இணைய முடியவில்லை என்று ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி அடங்கிவிடுகிறது. மாலையில் வீடு திரும்பும் மகன், "பழையதாகிவிட்டது அம்மா, வேறு வாங்கிவிடலாம்" என்கிறார்; வாங்கியும் விடுகிறார். புதியதும் அதே மூலையில் அதே போல அடங்குகிறது. சில ஆயிரம் ரூபாய் போனதுதான் மிச்சம். நாம் பார்த்தவரையில், இத்தகைய வீடுகளில் கருவி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. அதற்கு வரும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது.

அந்த வழியைச் சற்றே அறிந்துகொள்வோம். பெட்டிக்குள் பாடலும் இல்லை, செய்தியும் இல்லை. நாம் கேட்பதை அது கம்பியில்லா அலைகளாக நம் வீட்டு ரூட்டருக்கு அனுப்புகிறது. ரூட்டர் அதைக் கம்பி வழியாக இணையத்திற்கு அனுப்ப, எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறி விடை தேடித் தருகிறது. ஆகவே பழுது மூன்று இடங்களில் நேரலாம்: பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையே, ரூட்டருக்கும் வெளியுலகிற்கும் இடையே, அல்லது அந்தத் தொலைதூரக் கணிப்பொறியிடத்தே. எங்கே என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கைப்பேசியுடன் ஒலிபெருக்கியின் அருகில் நில்லுங்கள். கைப்பேசியின் சொந்த இணைய இணைப்பை, அதாவது மொபைல் டேட்டாவை, முதலில் நிறுத்திவிடுங்கள். இதை மறந்தால் சோதனையே பொய்த்துவிடும்; வீட்டு இணையம் செத்துக் கிடந்தாலும் கைப்பேசி தன் வழியில் வேலை செய்து நம்மை ஏமாற்றிவிடும். பின்னர் வீட்டு வைஃபையில் இணைந்து ஏதேனும் ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையெனில், அடுத்து ரூட்டரின் அருகில் சென்று அதையே செய்யுங்கள். அங்கே திறந்தால் குற்றம் இடைவெளியில் உள்ளது. அங்கும் திறக்காவிட்டால் இணையம் வழங்குவோரை அழைக்க வேண்டியதுதான். ஒலிபெருக்கியைத் தொட வேண்டாம்.

இன்னும் ஒன்று. எக்கோவில் சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் பலர் பழுதென்று அஞ்சுகின்றனர். ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தானைத் தூசி துடைத்தவரோ குழந்தையோ அழுத்திவிட்டனர் என்பதே அதன் பொருள். மீண்டும் அழுத்தினால் சரியாகிவிடும். (வீட்டில் அந்தரங்கமாகப் பேச வேண்டியபோது அப்பொத்தானை வேண்டுமென்றே அழுத்தி வைப்பதும் நல்ல பழக்கமே.)

இனி இடைவெளிக்கு வருவோம். வைஃபை பெரிதும் பயன்படுத்தும் அலைவரிசைகளுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். உரிமம் பெறாமலே எவரும் இதைப் பயன்படுத்தலாம் என அமெரிக்கா 1985-இல் அனுமதித்தது. இந்தியாவில் அந்த விலக்கு 2005 சனவரியில் கிடைத்தது. உரிமம் வேண்டாத இடம் சந்தைக்கடை போன்றது. பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் கூச்சலிடுகின்றன. அந்த அடுப்பு ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. அதிலிருந்து கசியும் சிறிதளவு அலை மனிதருக்குத் தீங்கு செய்யாது. வைஃபையின் மெல்லிய அலைக்கோ அது பேரிரைச்சல். சமையலறையிலுள்ள ஒலிபெருக்கி உணவு சூடாக்கும்போது மட்டும் விக்கி விக்கிப் பாடினால் காரணம் இதுவே. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போருக்கு மற்றொரு தொல்லை. இவ்வலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத பாதைகள் 1, 6, 11 என மூன்றே. இருபது வீட்டு ரூட்டர்களும் இம்மூன்றில்தான் நெருக்கியடிக்க வேண்டும். எல்லோரும் படம் பார்க்கும் மாலை வேளையில் பாட்டு அறுபடுவது இதனால்தான். நெரிசல் குறைந்த பாதைக்கு ரூட்டரை மாற்றித் தரும்படி, இணைப்புக் கொடுக்க வருபவரிடம் கேட்கலாம். சில நிமிட வேலை. அவர்களாகச் செய்வது அரிது.

ஆயினும் எல்லாவற்றினும் பெரிய பகை நம் வீட்டுச் சுவர்தான். இரும்புக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் அலையை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. உலோகம் அலையைத் திருப்பியடிக்கிறது, நீர் உறிஞ்சிக்கொள்கிறது. நம்மவர் செய்வதோ என்ன? கம்பி நுழையும் வாசல் மூலையிலேயே ரூட்டரை ஆணியடித்து மாட்டுகிறோம். அல்லது தொலைக்காட்சிக்குப் பின்னே ஒளித்து வைக்கிறோம். கண்ணுக்கு அழகாயில்லை என்று இரும்பு பீரோவின் மேல் பெட்டிகளுக்கிடையே செருகுகிறோம். பாட்டியின் அறை வீட்டின் கடைசியில் இருக்கும். இடையே இரண்டு சுவர், ஒரு பீரோ, ஒரு குளிர்சாதனப் பெட்டி. ரூட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். கம்பியை நீட்டச் செலவாகும். எனினும் புது ஒலிபெருக்கியின் விலையைவிட அது குறைவாகவே இருக்கும். ஒலிபெருக்கியையும் சுவர் மூலையிலிருந்து ஓரிரு அடி முன்னே நகர்த்திப் பாருங்கள். இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். ஒரு சாண் நகர்த்தினாலே வேறுபாடு தெரிவதுண்டு.

இப்போதைய ரூட்டர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் தருகின்றன. அங்கே நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் சுவர் தாண்டும் ஆற்றல் குறைவு. ரூட்டர் உள்ள அறையிலேயே இருக்கும் ஒலிபெருக்கிக்கு 5, கடைசி அறைக்கு 2.4 எனக் கொள்க. விலை குறைந்த சில ஒலிபெருக்கிகள் 2.4-ஐ மட்டுமே அறியும்.

மின்தடை நம் ஊருக்குப் புதிதன்று. மின்சாரம் திரும்பியதும் ஒலிபெருக்கி விரைவில் விழித்துவிடும். ரூட்டரும் அதனோடு சேர்ந்த கண்ணாடி இழைப் பெட்டியும் நிலைக்குவரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் தேடிக் களைத்து நின்றுவிடும் ஒலிபெருக்கிகள் உண்டு. ரூட்டரின் விளக்குகள் நிலைபெற்றபின் ஒலிபெருக்கியின் மின்னிணைப்பை எடுத்து, அரை நிமிடம் கழித்துச் செருகினால் போதும். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரெனில், ரூட்டருக்கென விற்கும் சிறு யு.பி.எஸ். வாங்கலாம். ரூட்டரின் அடியில் எழுதியுள்ள வோல்ட் அளவோடு அது பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குக.

இணையம் வழங்குவோரை மாற்றும்போதும் பெட்டி மௌனமாகும். அது பழைய வைஃபையின் பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பலர் ஒவ்வொரு கருவியாக எடுத்துப் புதிதாக இணைத்து ஒரு ஞாயிறு முழுவதையும் இழக்கின்றனர். புதிய ரூட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால், பெரும்பாலான கருவிகள் தாமே வந்து சேர்ந்துவிடும்.

புளூடூத் வழியே பாடும் ஒலிபெருக்கியில் வேறொரு விந்தை. மகன் வாசலில் நுழைந்ததும் பாட்டியின் பாட்டு நின்றுவிடும். முன்பொருநாள் இணைந்த அவருடைய கைப்பேசி தானாகவே பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அக்கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கியின் பெயரை நீக்கிவிடுக.

கருவியை முற்றிலும் அழித்து முதலிலிருந்து தொடங்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதைக் கடைசியாகவே தொட வேண்டும். வீட்டு வைஃபையின் விவரம் முழுவதையும் அது மறந்துவிடும். இணைத்துக் கொடுத்த பேரன் சென்னைக்கோ துபாய்க்கோ போயிருப்பான். எனவே வைஃபையின் பெயர், கடவுச்சொல், ஒலிபெருக்கியைப் பதிவுசெய்த மின்னஞ்சல் முகவரி, இணையம் வழங்குவோரின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பாட்டியின் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.