பெயர் மறுக்கப்பட்ட குலம்

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். இப்பெயரை வகுப்பிலே சொல்லுந்தோறும் மாணவன் ஒருவன் எழுந்து, நக்கீரனார் என்றால் போதாதா, தந்தையாரின் தொழிலையும் ஊரையும் ஏன் சுமத்தல் வேண்டும் என்று வினவுவான். ஒரே பெயர் பலர்க்கு உரியதாயிருந்த காலத்திலே, இன்ன ஊரினர், இன்னார் மகன் என்பதே ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறியும் வழியாயிற்று என்று விடை கூறுவேன். வடகடலோரத்திலே மலையும் மூடுபனியும் சூழ்ந்த நாடொன்றிலே வாழ்ந்த மக்களும் இவ்வாறே தம்மைக் குறித்தனர் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்வது என் வழக்கம். ஸ்கொத்லாந்தின் மேட்டுநிலத்தாரே அம்மக்கள். மக்டொனால்ட், மக்கென்சி, மக்லியொட் என்று நாம் கேள்வியுறும் பெயர்கள் யாவும் 'மக்' என்று தொடங்குதல் காண்க. அவர்தம் கெயிலிக் மொழியிலே 'மக்' என்பது மகன் என்னும் பொருளது.

இதனைக் கேட்டதும் மாணவர் முகம் மலரும். "அப்படியானால் மக் என்பதும் நம் மகன் என்பதும் ஒன்றோ ஐயா?" என்பர். ஒலி ஒத்தது கண்டு உறவு கொண்டாடுதல் மொழி நூல் கற்பார்க்கு ஆகாது. அயர்லாந்திலே கல்லின் விளிம்பிற் கோடுகளாக வெட்டப்பெற்ற ஒகம் எழுத்துச் சாசனங்களில் இச்சொல்லின் பழைய வடிவம் காணப்படுகின்றது. அங்கே அதன் இடைநின்ற மெய் வெறுங் ககரம் அன்று. இதழ் குவித்து ஒலிக்கும் ககரம். அதனாலேயே இனமொழியாகிய வேல்சு மொழியில் அது பகரமாகத் திரிந்து 'மாப்' என நின்றது. வேர் நோக்கிச் செல்லச் செல்ல ஒப்புமை குறைகின்றதேயன்றி மிகவில்லை. ஆயினும் வேறொன்று மெய்யாகவே சுவைக்கத்தக்கது. மகளைக் குறிக்குமிடத்துக் கெயிலிக்கர் 'மக்' என்னார்; 'நிக்' என்பர். ஆங்கிலத்திற் பதிவேடு எழுதியவர்கள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது பெண்களையும் 'மக்' என்றே எழுதி வைத்தனர். இன்னார் மகனாகிய மேரி என்று எழுதினாற்போல!

இப்பெயர்களுள் ஒன்றின் வரலாறே ஈண்டுச் சொல்லப் புகுந்தது. மக்கிரெகர் என்பது அப்பெயர். கிரெகரின் மகன் என்பது அதன் பொருள். கிரெகர் என்பதோ கெயிலிக் சொல் அன்று. விழித்திருப்பவன் எனப் பொருள்படும் 'கிரெகோரியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. உரோமாபுரியின் பாப்பரசர் பதினாறு பேர் கிரெகரி என்னும் பெயரைச் சூடினமையால் அது ஐரோப்பாவெங்கும் பரவிற்று. பின்னாளில் உறக்கமின்றி ஓட நேர்ந்த குலத்துக்கு இப்பெயர் வாய்த்தமை விதியின் விளையாட்டுப் போலும்.

"என் குலம் அரச குலம்" என்பது மக்கிரெகர் தம் இலச்சினையிற் பொறித்துக்கொண்ட வாசகம். ஒன்பதாம் நூற்றாண்டிலே ஆண்ட கென்னத் மக்கல்பின் என்னும் மன்னனின் உடன்பிறந்தான் வழியினர் தாம் என்பது அவர் மரபு. வரலாற்றாசிரியர் அதனை ஏற்பதில்லை. 1390ஆம் ஆண்டில் இறந்த 'ஒற்றைக்கண் இயன்' என்னும் தலைவன் காலந்தொட்டே அவர்தம் வழிமுறை தெளிவாகப் புலப்படுகின்றது. ஸ்கொத்லாந்தின் மேற்கே கிளெனோர்க்கி, கிளென்ஸ்திரே என்னும் பள்ளத்தாக்குகளில் அவர் வாழ்ந்தனர். அந்நிலம் தமது என்பதற்கு அவர் கையில் இருந்தவை வாளும் வழக்கமுமே. அயலிலே எழுச்சியுற்ற கம்பெல் குலத்தாரிடமோ அரசன் முத்திரை பொறித்த உறுதிகள் இருந்தன. உறுதி இல்லாத உழவனும் உறுதி உடைய அயலானும் வழக்காடினால் முடிவு என்னாகும் என்பதை நம் நாட்டு நீதிமன்ற வாயிலில் ஒரு நாள் நின்றவரும் அறிவர்.

கம்பெல் என்பதற்குக் 'கோணல் வாய்' என்பது பொருள். இரு குலத்தாரிடையே பகை இருந்தபோதும் மண உறவும் இருந்தது. கிளென்லயன் என்னும் பள்ளத்தாக்கின் தலைவனாகிய டங்கன் கம்பெலின் மகளை மணந்த கிரெகர் என்னும் இளைஞனை, அவள் குலத்தவனாகிய கிளெனோர்க்கிக் கம்பெல் 1570ஆம் ஆண்டில் தலை துணித்தான். கணவனை இழந்த அவள் கைக்குழந்தையை மடியிலிட்டுப் பாடியது என்று மரபு கூறும் கெயிலிக் பாடல் ஒன்று இன்றும் தாலாட்டாகப் பாடப்படுகின்றது. கேட்போர்க்குத் தாலாட்டு; சொற்பொருள் அறிவார்க்கு ஒப்பாரி. நம் இலக்கணத்தார் இதனைக் கையறுநிலையில் அடக்குவர். மலைநாட்டிலே அக்கரப்பத்தனைப் பக்கத்தில் கிளென்லயன் என்னும் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. ஸ்கொத்லாந்துத் துரைமார் தம் ஊர்ப் பெயர்களை நம் மலைகளுக்கு இட்டுச் சென்றனர். அங்கே கொழுந்து பறித்த பெண்களுட் பலர் தாமும் தாலாட்டும் ஒப்பாரியும் பாட வல்லவராயிருந்தனர். அப்பெயருக்குப் பின்னால் இன்னொருத்தியின் பாட்டு இருந்ததை அவருக்கு யார் சொல்லியிருப்பார்?

நிலம் இழந்தோர் ஆநிரை கவர்தலை மேற்கொண்டனர். வெட்சியும் கரந்தையும் பயின்ற நமக்கு அது புதிதன்று. 1603ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் கிளென்புரூயின் என்னும் பள்ளத்தாக்கிலே கொகூன் குலத்தாரோடு மக்கிரெகர் பொருது வென்றனர். எதிர்ப்பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். மக்கிரெகரிடத்துப் பிழையே இல்லை என்று யான் வாதாட வரவில்லை. அவர் கொன்றதும் உண்மை, கொள்ளையிட்டதும் உண்மை. அக்காலத்து மேட்டுநிலத்தில் அதனைச் செய்யாத குலம் எதுவெனின், விடை எளிதன்று.

அவ்வேளையிலே எலிசபெத்து மகாராணி இறந்தமையால் ஸ்கொத்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னனானான். எடின்பரோவை விட்டு அவன் புறப்பட்டது 1603ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆம் நாள். இரண்டு நாள்களுக்கு முன், 3ஆம் நாள், அவனது கோமறைக் கழகம் ஒரு கட்டளை பிறப்பித்தது. மக்கிரெகர் என்னும் பெயர் அன்றோடு ஒழிக. அப்பெயரை உடையோர் அனைவரும் வேறு பெயர் கொள்க. கொள்ளாதார்க்கு மரண தண்டனை என்பது அதன் சாரம். குற்றவாளியைத் தண்டிப்பது அரசநீதி. ஒரு பெயரையே குற்றவாளியாக்கித் தண்டித்தலை என்னென்பது! குலத்தலைவனாகிய அலஸ்டர், தன்னைப் பாதுகாப்பாக இங்கிலாந்திற் சேர்ப்பதாக ஆர்கைல் பிரபு தந்த வாக்கை நம்பிச் சரண் புகுந்தான். பிரபு வாக்குத் தவறவில்லை. எல்லை தாண்டி இங்கிலாந்து மண்ணில் அவனைக் கால் வைக்கச் செய்து, அக்கணமே திரும்பக் கொண்டுவந்தான். 1604ஆம் ஆண்டு சனவரியில் எடின்பரோ நகரில் அவன் தூக்கிலிடப்பட்டான். சொல்லின் எழுத்தைக் காத்துப் பொருளைக் கொல்லும் இவ்வித்தை சட்டம் பயின்றோர்க்கே கைவந்தது.

பின்னர் வந்த கட்டளைகள் இன்னும் நுணுகியவை. முன்னர் மக்கிரெகராயிருந்தோர் நால்வருக்கு மேல் ஓரிடத்திற் கூடலாகாது. இறைச்சி அறுக்கும் முனையற்ற கத்தியன்றி வேறு படைக்கலம் ஏந்தலாகாது. 1617ஆம் ஆண்டில் பாராளுமன்றமே இதனை உறுதிப்படுத்தி, வளர்ந்து வரும் பிள்ளைகளையும் அதன் கீழ்க் கொண்டுவந்தது. 1633ஆம் ஆண்டுச் சட்டமோ, கிரெகர் என்னும் பெயரைக் குழந்தைக்கு இட்டு எந்தக் குருவும் ஞானஸ்நானம் செய்யலாகாது, அப்பெயரில் எந்த நொத்தாரிசும் உறுதி எழுதலாகாது என்றது. நம் மொழியிலே பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். இச்சொல்லை நாளும் வழங்கும் நமக்கு அச்சட்டத்தின் கொடுமையை விரித்துரைத்தல் மிகை.

ஆகவே அக்குலத்தார் பிறர் பெயர்களைப் போர்த்துக்கொண்டனர். எவர் நிலத்தில் ஒதுங்கினரோ அவர் பெயர். கிராண்ட், ஸ்ருவேட், திரமண்ட், மறே என்றெல்லாம் ஆயினர். சிலர் பகைவர் பெயராகிய கம்பெல் என்பதையே சூடினர். கிரெகரி, கிரெக் என்று பழம் பெயரின் துணுக்கை மறைத்து வைத்துக்கொண்டோரும் உளர். இரண்டாம் சாள்சு மன்னன், தன் தந்தையின் பக்கம் அவர் போர் புரிந்தமை கருதி 1661ஆம் ஆண்டில் தடையை நீக்கினான். 1693ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் ஆட்சியில் அது மீண்டும் வந்தது. முடிவாக நீங்கியது 1774ஆம் ஆண்டில். இடைப்பட்ட விடுதலையைக் கழித்தால் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள், ஐந்தாறு தலைமுறைகள்.

அக்குலத்திற் புகழ்பெற்றவன் றொப் றோய். 1671ஆம் ஆண்டிற் பிறந்த அவனுக்கு உரிய பெயர் றொபேட். செம்மயிர் உடைமையாற் 'சிவப்பன்' எனப் பொருள்படும் றோய் சேர்ந்தது. மாட்டு வாணிகம் செய்து நொடித்து, மொன்றோஸ் பிரபுவின் கடனாளியாகி, சட்டத்துக்குப் புறம்பானவன் என்று சாற்றப்பட்டான். தாயார் கம்பெல் குலத்தவர். ஆதலின் தடையிருந்த காலத்தில் அவன் கைச்சாத்திட்டதும் கம்பெல் என்றே. சேர் வால்டர் ஸ்கொட் 1817ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட 'றொப் றோய்' என்னும் நாவலால் அவன் பெயர் உலகெங்கும் சென்றது. அந்நூலுக்கு எழுதிய முன்னுரையில் ஸ்கொட் சொல்லும் கதை ஒன்று ஆசிரியர்க்கு மிகவும் இனிக்கும்.

1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆள் திரட்டுவதற்காக அபடீன் நகருக்குச் சென்ற றொப் றோய், அங்கே மருத்துவப் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் கிரெகரி என்பார் வீட்டில் விருந்தினனாயினான். கிரெகரி குடும்பத்தார் தாமும் மக்கிரெகர் வழியினரே என்று கொண்டிருந்தனர். உபசாரத்தில் மகிழ்ந்த கொள்ளைத் தலைவன் நன்றிக்கடன் செலுத்த விரும்பினான். பேராசிரியரின் எட்டு வயதுச் சிறுவனைக் கண்டு, "இத்தகைய பிள்ளையைப் புத்தகத்துக்குப் பலியிடுகிறீரே! என்னோடு அனுப்பும், ஆண்மகனாக்குகிறேன்" என்னும் பொருள்பட உரைத்தானாம். பேராசிரியர் நடுநடுங்கினார். மறுத்தால் அவமதிப்பு; இசைந்தாற் பிள்ளை போய்விடும். உடல் நலம் குன்றிய பிள்ளை என்று ஒருவாறு தப்பினார். அச்சிறுவன் பிற்காலத்தில் தந்தையின் பேராசிரியப் பதவியையே வகித்தான். மலைக்குச் சென்றிருந்தால் என்னவாகியிருப்பானோ!

அப்பேராசிரியரின் தந்தையார் தாம் கணித மேதை ஜேம்ஸ் கிரெகரி (1638–1675). ஆடிகளால் ஆகும் தொலைநோக்கியின் அமைப்பு ஒன்றை 1663ஆம் ஆண்டு நூலில் வகுத்தவர். முடிவிலாத் தொடர் ஒன்றை அவர் 1671ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணிக்க அது உதவுவது. அதே தொடரை அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே சேரநாட்டு மாதவர் அறிந்திருந்தார். ஆதலின் இன்று கணித நூலார் அதனை மாதவர்–கிரெகரித் தொடர் என வழங்குவர். தம் குலப்பெயர் சட்டத்தால் மறைக்கப்பட்ட ஒருவரும், தம் நூல்கள் பெரும்பாலும் மறைந்துபோன ஒருவரும் ஒரு தொடரின் பெயரில் அடுத்தடுத்து நிற்கின்றனர்.

கிரெக் என்னும் பெயரும் கடல் கடந்தது. அப்பெயருடைய ஸ்கொத்லாந்து வணிகர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் நோர்வே நாட்டின் பேர்கன் நகரிற் குடியேறினார். இசைமேதை எட்வர்ட் கிரீக் (1843–1907) அவர் கொட்பேரர். ருசியப் பேரரசி கதறீனின் கடற்படைத் தலைவராயிருந்த சாமுவேல் கிரெக்கும் (1735–1788) ஸ்கொத்லாந்தினரே.

தடை நீங்கியதும் எண்ணூற்று இருபத்தாறு பேர் தாம் மக்கிரெகர் என்று ஒப்பமிட்டு, மறே என்னும் பெயரில் வாழ்ந்த ஒருவரைத் தம் தலைவராக ஏற்றனர். 1822ஆம் ஆண்டில் நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்கொத்லாந்தின் முடியையும் செங்கோலையும் வாளையும் காவல் செய்து சென்ற பெருமை இக்குலத்தார்க்கு அளிக்கப்பட்டது. முடியுடைய மன்னன் அழித்த பெயரினர் முடிக்கே காவலராயினர்.

பெயர் மீண்டது என்பதனாற் பெயருடையார் யாவரும் நல்லவராயினர் என்று கொள்ளற்க. கிரெகர் மக்கிரெகர் (1786–1845) என்பான் பொலிவாருடைய படையில் வெனிசுவெலாவிற் போரிட்டுத் திரும்பி, மத்திய அமெரிக்காவிலே 'பொயயிஸ்' என்னும் இல்லாத நாடொன்றுக்குத் தான் அதிபதி என்று இலண்டனிற் பறைசாற்றினான். கடன் பத்திரமும் காணியும் விற்றான். நம்பிச் சென்ற ஏறத்தாழ இருநூற்றைம்பது பேர் கண்டது காடும் காய்ச்சலுமே. அவருட் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாட்டன் காலத்தில் இல்லாத பெயர். பேரன் காலத்தில் இல்லாத நாடு. இதற்கு ஈடு செய்தாற்போல, 1888ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கங்களை ஓரணியாக இணைத்துப் போட்டி முறையை நிறுவிய வில்லியம் மக்கிரெகரும் (1846–1911) இக்குலப் பெயரினரே. திரைப்பட நடிகர் யூவன் மக்கிரெகரை இளைஞர் அறிவர். யான் சொல்ல வேண்டுவதில்லை.

மீளாதாரும் பலர். இரவற் பெயரிலேயே பிறந்து, உறுதி முடித்து, மணம் புரிந்து, அதனையே மக்களுக்கும் விட்டுச் சென்றனர். இக்காலத்தில் மரபணுச் சோதனையின் வாயிலாக, தாம் திரமண்ட் என்றோ ஸ்ருவேட் என்றோ எண்ணியிருந்த சிலர் தம் தந்தைவழி மக்கிரெகர் என்று காண்கின்றனர். அவருட் பெயரை மாற்றிக்கொள்வோரும் உளர். இத்தனை காலம் காத்த பெயரை விடமாட்டோம் என்போரும் உளர். யாரைப் பிழை என்பது?

பல்குயிடர் என்னும் சிற்றூரின் தேவாலய முற்றத்தில் றொப் றோயின் கல்லறை இருக்கின்றது. 1734ஆம் ஆண்டு இறுதியில் அவன் இறந்தபோது பெயர்த் தடை நடப்பில் இருந்தது. பிற்காலத்தார் அங்கே பொறித்த வாசகம், 'அவர்களையும் மீறி மக்கிரெகர்' என்னும் பொருளது. மனைவியும் மைந்தர் இருவரும் அருகே உளர். இளைய மைந்தன் றொபின், பெண்ணொருத்தியைக் கவர்ந்து சென்ற குற்றத்துக்காக 1754ஆம் ஆண்டில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டவன். வழக்கேட்டிலே அவனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன.