பம்பைக் கழற்றும் முன் ஓஸைப் பாருங்கள்!

சேலத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு பெங்களூர் திரும்பிக்கொண்டிருந்தார், ஸ்ரீராமபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் டிரைவர். செகண்ட் ஹாண்டில் வாங்கிய டீசல் கார். வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது. அன்று வண்டியில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள்.

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தும் இழுக்கவில்லை. சிறிது தூரத்தில் எஞ்சின் அடியோடு நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. குழந்தைகளை இறக்கி ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்தார். டீசல் பில்டரின் தலையில் இருக்கும் கைப்பம்பை இருபது முப்பது தடவை அமுக்கிய பிறகுதான் எஞ்சினுக்கு உயிர் வந்தது.

மறுநாள் காட்டிய ஒர்க்ஷாப்பில், "டீசல் பம்பு போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும், ரூ.18,000 ஆகும்" என்றார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டிய மாதம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நல்ல வேளையாக, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அல்சூரில் நெடுநாளாகத் தொழில் செய்யும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் சொன்னது இதுதான்: "பம்பு மேல கைய வைக்காதீங்க தம்பி. மொதல்ல காத்து எங்க நுழையுதுன்னு பாப்போம்."

டாங்கிக்கும் பில்டருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் ரப்பர் ஓஸில், கிளிப்புக்கு அடியில், மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஜே.சி. ரோடில் ஓஸும் கிளிப்பும் வாங்கிப் போட்டதும் கோளாறு தீர்ந்தது. சில நூறு ரூபாயோடு போயிற்று. பம்பு அப்படியே இருக்கிறது.

ஒழுகாத ஓட்டை

டீசல் எஞ்சினில் பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. பீச்சும் வேலை டீசல் பம்பினுடையது.

டீசலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், பம்பு தள்ளும் வேகமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். நாசில் திறக்காது. இதைத்தான் மெக்கானிக்குகள் "ஏர் எடுக்குது" என்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய கார்களில் டாங்கியிலிருந்து பம்பு வரையுள்ள பாதை உறிஞ்சும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால், ஓடும்போது வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, டீசல் வெளியே சொட்டாது. தரையில் ஒரு துளியும் இராது. அதனால்தான் குழாயை விட்டுவிட்டுப் பம்பின் மேல் பழி போடுகிறார்கள். மேடேறும்போது பின்னாலுள்ள டாங்கி இன்னும் தாழ்ந்துபோகிறது. டீசலை அதிக உயரத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. காற்றும் அதிகமாக நுழைகிறது. தொப்பூரில் நடந்தது இதுவே.

எப்படிக் கண்டுகொள்வது?

காலையில் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றுகிறதா? பிடித்த எஞ்சின் சில விநாடிகளில் அணைந்து, மறுபடி பிடிக்கிறதா? டாங்கியில் டீசல் குறையும்போது தொல்லை அதிகமாகிறதா? இவை காற்றின் அடையாளங்கள்.

இரவு வண்டியை முன்பக்கம் சரிவாக இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். காலையில் உடனே பிடித்து, முன்பக்கம் மேடாக நிறுத்திய நாளில் மட்டும் தகராறு செய்தால், டீசல் இரவில் டாங்கிக்கே திரும்பி ஓடிவிடுகிறது என்று அர்த்தம். அதன் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது.

புகையையும் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை தாராளமாக வந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. அப்போது முதலில் ஹீட்டர் பிளக்குகளைப் பார்க்க வேண்டும். எதுவானாலும் ஸ்டார்ட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். பாட்டரியும் ஸ்டார்ட்டரும் வீணாகும்.

டாங்கி மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், காற்றுவழி அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் வண்டி சரியாக ஓடினால் கோளாறு அங்கேதான்.

பெரியவர் செய்த சோதனை

பம்புக்குள் டீசல் போகும் இடத்தில் உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் டியூபை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். முதலில் ஓரிரு குமிழிகள் வந்து நின்றுவிட்டால் பயமில்லை. எங்கள் வண்டியில் சோடா போல விடாமல் வந்தது. பிறகு அதே டியூபைப் பில்டருக்கு முன்னால் மாட்டினார். அங்கேயும் குமிழி. ஆகவே பில்டர் குற்றவாளி அல்ல. டாங்கிப் பக்கத்தில்தான் ஓட்டை. பில்டருக்கு முன் குமிழி இல்லாமல், பின்னால் மட்டும் இருந்தால் பில்டரைத்தான் பிடிக்க வேண்டும். இந்த டியூப் சோதனைக்கு மட்டுமே. டீசலில் ஊறினால் கெட்டிப்பட்டு வெடித்துவிடும்.

அடுத்து, பம்பின் யோக்கியதையைப் பார்த்தார். ஒரு சுத்தமான கேனில் வடிகட்டிய டீசலை ஊற்றி, பம்பைவிட உயரத்தில் அசையாமல் வைத்து, அதிலிருந்து நேராகப் பம்புக்கு ஓஸ் கொடுத்தார். திரும்பும் ஓஸையும் கேனிலேயே விட்டார். எஞ்சின் ஒரே சீராக ஓடிற்று. "பாத்தீங்களா, பம்பு மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். நின்ற இடத்திலேயே, பீடி சிகரெட் பக்கத்தில் வராமல் செய்ய வேண்டிய சோதனை இது.

காற்று நுழையும் இடங்கள்

பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன்மேல் புதியதைப் போடுவது, ஒரு தடவை நசுங்கிய செம்பு வாஷரையே மறுபடி போடுவது, பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு சரியாக மூடாமல் இருப்பது, தளர்ந்த கிளிப், டாங்கி அருகே துருப்பிடித்த குழாய், நாசில்களின் மேல் ஓடும் மெல்லிய திரும்பும் ஓஸ், சில சமயம் கைப்பம்பே. இத்தனையும் பார்த்த பிறகே டீசல் பம்பின் சீல்.

ஓட்டையின் மேல் பசை பூசுவதும், டேப் சுற்றுவதும் வேண்டாம். துணுக்கு உள்ளே போனால் நல்ல பம்பும் கெடும். வாஷர், வளையம், ஓஸ் ஆகியவற்றைப் புதிதாகப் போடுவதே வழி. பிறகு பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, திருகை மூடினால் காற்று வெளியேறிவிடும்.

ஓர் எச்சரிக்கை

இந்த முறைகள் பழைய டீசல் அம்பாசிடர், 1998-ல் வந்த இண்டிகாவின் ஆரம்ப கால மாடல்கள் போன்ற மெக்கானிக்கல் பம்பு வண்டிகளுக்கே. பின்னால் வந்த 'காமன் ரெயில்' வண்டிகளில் நாசில் குழாய்களில் அழுத்தம் ஆயிரம் 'பார்' அளவையும் தாண்டும். அவற்றின் நட்டை ஒருபோதும் தளர்த்தக் கூடாது; கேன் சோதனையும் வேண்டாம். எந்த வண்டியானாலும் பீச்சும் டீசலுக்கு எதிரே கை நீட்டாதீர்கள். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஊசி குத்திய அளவே தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் விரலே போய்விடலாம்.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் "பம்பு போய்விட்டது" என்று யாராவது சொன்னால், "டியூப் மாட்டிப் பார்த்தீர்களா? கேனிலிருந்து ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஊர்விட்டு ஊர் வந்து சம்பாதிக்கும் பணம். பக்கத்து வீட்டுக்காரர் அந்த மாதம் பிள்ளைகளின் பள்ளிப் பணத்தை முழுவதும் கட்டிவிட்டார்.