பழைய பெட்டிகளுக்குப் புது உத்தியோகம்

லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர்பெற்ற ஊர் நாமக்கல். அடிச்சட்டம் உறுதியாயிருந்தால் மேற்கூட்டைப் பிரித்துப் புதிதாய்க் கட்டி, வண்டியை மீண்டும் சாலைக்கு அனுப்பலாம். அடிச்சட்டமே பழுதானால் வர்ணம் பூசிப் பயனில்லை. பட்டறைகளில் யாவரும் அறிந்த இந்த நியாயத்தை ரயில்வே நிர்வாகமும் கைக்கொள்ள வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை, பழைய மாதிரிப் பெட்டிகள் செய்வதை 2018-ல் நிறுத்திற்று. அவற்றிற்குப் பதிலாகத் துருப்பிடியா எஃகினாலான எல்.எச்.பி. பெட்டிகள் நெடுந்தூர ரயில்களில் சேர்ந்து வருகின்றன. மோதல் நேர்ந்தால் பெட்டிகள் ஒன்றின்மேலொன்று ஏறாதபடி தடுக்கும் இணைப்பு இவற்றில் உண்டு. இம்மாறுதலை மனமார வரவேற்கிறோம். ஆனால் விடுவிக்கப்பட்ட பழைய பெட்டிகளின் கதி என்ன?

இருபது, இருபத்தைந்து வருஷம் உழைத்த பெட்டிகளில் பல பணிமனைக்குச் செல்கின்றன. அங்கே இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களை அடைத்து, முனைகளில் அகன்ற கதவுகள் வைத்து, மோட்டார் கார்களை ஏற்றிச் செல்லும் பெட்டிகளாக மாற்றுகின்றனர். இது நல்ல சிக்கனமே, குறை கூறோம். 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, தேசமெங்கும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் நடுப்படுக்கையை நீக்கி, கழிப்பறையொன்றைக் குளியலறையாக்கி, நோயாளிகளுக்குத் தனியிடமாக்கினர். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

காருக்கும் நோயாளிக்கும் உதவும் பெட்டி ஏழைப் பிரயாணிக்கு உதவலாகாதா? சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூர் செல்லும் சுமார் 85 கிலோமீட்டர் பாதையில் 2013-ல்தான் பிரயாணிகள் ரயில் ஓடத் தொடங்கிற்று. நெடுநாள் காத்திருந்து ரயிலைக் கண்ட ஜனங்கள் இவர்கள். மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் அவதியைப் பற்றிக் காந்தியடிகள் 1917-ல் எழுதினார். 1974-ல் அவ்வகுப்பின் பெயர் ஒழிந்தது. முன்பதிவில்லாப் பெட்டிகளின் நெரிசல் இன்னும் ஒழியவில்லை.

“கழித்துக் கட்டியதை நம் தலையில் சுமத்துவதா?” என்று சிலர் சினக்கலாம். நாம் கேட்பது கழிவையன்று. கழிப்பறை நீர் கசிந்து அரித்த தரைத்தகட்டையும், சக்கரத்தையும், வில்லையும், பிரேக்கையும் நன்கு சோதித்து, ஆயுள் மீதமுள்ளவற்றை மட்டும் செப்பனிட்டுக் குறுந்தூர ரயில்களுக்குத் தரட்டும். தேறாதவற்றைத் தயங்காமல் உடைத்துவிடட்டும். ஏழையின் உயிர் மலிவன்று.

2007-ல் அமைந்த சேலம் கோட்டத்தின் அதிகாரிகளுக்கு ஒன்று கூறுவோம். வருஷந்தோறும் எத்தனை பெட்டிகள் விடுவிக்கப்பட்டன, அவற்றில் எத்தனை ஜனங்களுக்கு மீண்டன, எத்தனை சரக்குக்குப் போயின என்ற கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுங்கள். ஒரு பெட்டியின் இருக்கைகளைக் கழற்றுமுன், அதில் உட்கார ஆளில்லையென்று நிச்சயித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பொதுஜன சங்கங்களும் இக்கணக்கைக் கேட்டு வாங்க முன்வர வேண்டும்.