ஆய்வுக் கட்டுரைக்கு யார் பணம் கட்டுவது?

கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வருகிறது. மாதக்கணக்கில் காத்திருந்த பிஎச்.டி. மாணவருக்கு அது பெரிய நாள். பின்னாலேயே பில் வருகிறது: 2,000 டாலர். ரூபாயில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம். மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். சாப்பாடு, விடுதி, பஸ் செலவு எதையும் பார்க்காமல் ஏறக்குறைய ஐந்து மாத உதவித்தொகையை அப்படியே எடுத்துக் கொடுத்தால்தான் அந்த ஒரு கட்டுரை வெளிவரும். உதவித்தொகையே இல்லாமல் ஆய்வு செய்பவர் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். இது நியாயமே இல்லை. பெரும்பாலும் அவசியமும் இல்லை. பலருக்குத் தெரியாதது இந்த இரண்டாவது விஷயம்தான்.

ஏ.பி.சி. என்று சொல்லப்படும் இந்த வெளியீட்டுக் கட்டணம், ஓப்பன் ஆக்சஸ் என்ற நல்ல நோக்கத்தை ஒட்டி வளர்ந்தது. ஆய்வு முடிவுகளை உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்று 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை சொன்னது. அதுவரை நூலகங்கள் சந்தா கட்டித்தான் ஆய்விதழ்களை வாங்கின. கட்ட முடியாத கல்லூரியில் படித்தவர்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த நிலை மாற வேண்டியதுதான். ஆனால் பெரிய பதிப்பகங்கள், படிப்பவரிடம் வாங்கிக்கொண்டிருந்த பணத்தை எழுதுபவரிடம் கேட்கத் தொடங்கின. நேச்சர் இதழ் 2021இல் ஓப்பன் ஆக்சஸ் கட்டுரைக்கு வைத்த விலை 9,500 யூரோ.

இவ்வளவு செலவாகிறதா என்ன? கட்டுரையை எழுதுபவருக்குப் பதிப்பகம் சம்பளம் தருவதில்லை. அதை மதிப்பீடு செய்யும் சக ஆய்வாளர்களும் அநேகமாகச் சும்மாதான் செய்து கொடுக்கிறார்கள். எல்சேவியர் பதிப்பகத்தின் நியூரோஇமேஜ் இதழில் 3,450 டாலர் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்த 40க்கும் மேற்பட்ட பதிப்பாசிரியர்கள், பதிப்பகம் மறுத்ததும் 2023 ஏப்ரலில் கூண்டோடு விலகினார்கள். எம்.ஐ.டி. பிரஸ்ஸோடு சேர்ந்து இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த கட்டணம் பழையதில் பாதிகூட இல்லை. விலையை நிர்ணயிப்பது செலவு அல்ல, இதழின் பெயர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

‘ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி தருகிறோமே’ என்று பதிப்பகங்கள் பதில் சொல்லும். தருகிறார்கள், உண்மை. உலக வங்கி குறைந்த வருமான நாடு என்று வகைப்படுத்திய நாடுகளுக்கு முழு விலக்கு, அதற்கு அடுத்த படியில் உள்ளவற்றுக்குப் பாதி. ஆனால் ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகம் அந்த அடுத்த படிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: நாட்டின் மொத்த உற்பத்தி 20,000 கோடி டாலருக்குள் இருக்க வேண்டும். இந்தியா அந்த வரம்பைத் தாண்டிவிடுவதால் விடுபட்டுவிடுகிறது. ஐ.நா. அமைப்புகள் பங்கேற்கும் ரிசர்ச்4லைஃப் திட்டத்தின் நாடுகள் பட்டியலிலும் இந்தியா இல்லை. நூற்று நாற்பது கோடிப் பேரின் உற்பத்தியைக் கூட்டிப் பார்த்தால் நாடு பெரியதுதான். பில் வருவது நாட்டுக்கு அல்லவே, மாணவருக்கு அல்லவா? பட்டியலில் உள்ள நாட்டுக்காரர்களுக்கும் எல்லாம் சுலபமாக நடப்பதில்லை. பெரும்பாலும் கரஸ்பாண்டிங் ஆதர் இருக்கும் நாட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். சந்தாவும் ஓப்பன் ஆக்சஸும் கலந்த ஹைப்ரிட் இதழ்களில் பொதுவாகத் தள்ளுபடி கிடையாது. கேட்க வேண்டிய நேரமும் முக்கியம். கட்டுரையை அனுப்பும்போதே கேட்க வேண்டும். ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் முடியாது என்றுவிடும். பட்டியலில் இல்லாத நாட்டவரும் காரணம் சொல்லி விலக்கு கேட்கலாம். கேட்டதற்காகக் கட்டுரை நிராகரிக்கப்படுமோ என்ற பயம் வேண்டாம். பணம் கட்ட முடியுமா என்பதை வைத்து ஏற்பதும் மறுப்பதும் ஆய்வுலகின் நெறிக்கே புறம்பானது.

ஹைப்ரிட் இதழில் கட்டுரை ஏற்கப்பட்டதும் கணினித் திரையில் ஒரு பக்கம் வரும். அதில் இரண்டு வட்டங்கள். ஒன்று ஓப்பன் ஆக்சஸ், பக்கத்திலேயே ஆயிரக்கணக்கான டாலரில் ஒரு தொகை. இன்னொன்று சந்தா வழி. அநேகமாகக் கட்டணம் எதுவும் இருக்காது. அவசரத்தில் அந்த இரண்டாவது வட்டத்தைக் கவனிக்காமலே பணத்துக்கு அலைபவர்கள் உண்டு. சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் கட்டுரையின் தரமும் மதிப்பும் ஒரு துளியும் குறையாது.

அப்படியானால் யாரும் இலவசமாகப் படிக்க முடியாதே என்றால், அதற்கும் வழி உண்டு. மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை, பதிப்பகம் வடிவமைக்கும் முன் இருக்கும் அந்தக் கோப்பை, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றலாம். பெரும்பாலான பெரிய பதிப்பகங்கள் இதை அனுமதிக்கின்றன. உடனேயா, ஆறு மாதம் ஒரு வருடம் கழித்தா என்பதை, முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்து இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்று மாறியுள்ள தளத்தில் இதழின் பெயரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2014இலேயே இதைக் கொள்கையாக அறிவித்துவிட்டன. ஓப்பன் ஆக்சஸ் ஆதரவாளரான சுப்பையா அருணாசலம் சென்னையில் இருந்தபடி பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த வழியும் இதுதான். அவரும் சேர்ந்து எழுதி 2017இல் கரண்ட் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை, இந்தியா இந்தக் கட்டணங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் டாலர் செலவழிப்பதாகக் கணக்கிட்டது.

எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்காத இதழ்களும் இருக்கின்றன. பிரேசிலில் 1990களின் இறுதியில் பொதுப்பணத்தில் தொடங்கிய சைஎலோ என்ற இதழ்த் தளம் இன்று லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. மெக்சிகோவிலிருந்து ரெடாலிக் என்ற தளம் நடக்கிறது. டி.ஓ.ஏ.ஜே. என்ற உலகப் பட்டியலில் 20,000க்கும் மேற்பட்ட ஓப்பன் ஆக்சஸ் இதழ்கள் உள்ளன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குக் கட்டணமே இல்லை. கட்டணமில்லாதவற்றை மட்டும் பிரித்துத் தேடும் வசதியும் அதில் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களில் வெளியிடவும் பணம் கேட்பதில்லை.

இவையெல்லாம் தெரியாமல் இருப்பவர்களைத்தான் போலி ஆய்விதழ்கள் வளைக்கின்றன. வானளாவப் புகழ்ந்து ஒரு மின்னஞ்சல் வரும். நீங்கள் வேதியியல் என்றால் அழைப்பு மகப்பேறு மருத்துவ இதழிலிருந்து வரும். மூன்று நாளில் ஏற்பு, கட்டணம் சில ஆயிரம் ரூபாய். விசாரித்துவிட்டுக் கட்டுரையைத் திரும்பக் கேட்டால், திரும்பப் பெறவும் கட்டணம் கேட்பார்கள். அதைக் கட்டாதீர்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விலகுவதாக எழுத்தில் தெரிவித்து அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இதழின் பெயரில் போலித் தளம் நடத்திப் பணம் பறித்திருந்தால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் தரலாம். ஐதராபாத்தின் ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. ஆகவே இது சின்ன வியாபாரம் என்று எண்ண வேண்டாம்.

பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிமுறைகளில் நீக்கிவிட்டது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் சொந்தமாக விதி வைத்துக்கொள்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்பதை வாய்வார்த்தையாக அல்ல, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கத்தக்க இதழ்களுக்கான யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், ‘கேர் பட்டியலில் இருக்கிறோம்’ என்று இன்றும் விளம்பரம் செய்யும் இதழை நம்ப வேண்டாம்.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அரசு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 6,300 அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் சுமார் 13,000 இதழ்களைப் படிக்கலாம். நல்ல திட்டம். முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் அதில் சேர்க்கப்படவில்லை, தமிழ்நாட்டில் ஆய்வு செய்பவர்களில் கணிசமானோர் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கட்டணமில்லா இந்திய இதழ்களுக்கும் பல்கலைக்கழகக் களஞ்சியங்களுக்கும் திருப்பினால், பில்லோடு நிற்கும் மாணவருக்கு நேரடியாக உதவும். துணைவேந்தர்களும் ஆட்சிக்குழு உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும். வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவரைப் பணம் கட்டச் சொல்லும் முன், கட்டணமில்லாத மூன்று இதழ்களின் பெயரை அவரிடம் கொடுங்கள்.