உங்களுக்குத் தெரியுமா? பிக்கப் முதுகில் மாட்டும் ட்ரெய்லர்

அமெரிக்காவில் பெரிய ட்ரெய்லர்கள் பலவற்றைப் பம்பருக்குக் கீழே மாட்டுவதில்லை. பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள்ளே, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே மாட்டுகிறார்கள். பாரம் அச்சின் மேல் இறங்குவதால், ஓட்டத்தில் ட்ரெய்லர் வாலாட்டுவது குறையும். இதற்கு இரண்டு வழிகள்: கூஸ்நெக், ஃபிஃப்த் வீல்.

*

கூஸ்நெக் என்பது தொட்டித் தரையில் நிற்கும் ஓர் இரும்புக் குண்டு, அவ்வளவுதான். வழக்கமான விட்டம் 2 5/16 அங்குலம். ட்ரெய்லரின் வளைந்த கழுத்து அதன்மேல் கவிழ்ந்து உட்காரும். குண்டைக் கழற்றிவிட்டால் மறுநாளே தொட்டியில் வைக்கோல் ஏற்றலாம். பண்ணைக்காரர்கள் இதை விடாததற்குக் காரணம் அதுதான்.

*

ஃபிஃப்த் வீலில் குதிரை லாடம் போல ஒரு தட்டு. ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் 2 அங்குல கிங் பின் அதற்குள் நுழைந்ததும் தாடை கவ்விக்கொள்ளும். பாரம் அகலமான தட்டில் பரவுவதால் குலுக்கலும் சத்தமும் குறைவு. படுக்கையறை, சமையலறையோடு வரும் சுற்றுலா ட்ரெய்லர்களுக்கு இதுதான் வழக்கம். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இழுப்பதும் இதே ஏற்பாட்டில்தான். ஆனால் பிக்கப்பில் பொருத்தும் ஹிட்ச் (இணைப்புக் கருவி) பலவும் நூறு பவுண்டுக்கு மேல். தனியாளாகத் தூக்கி இறக்கப் போகிறவர் இடுப்பைப் பார்த்துக்கொள்ளவும்!

*

தொட்டி 8 அடி நீளம் என்றால் கவலையில்லை. ஐந்தரை அடித் தொட்டியில் ஃபிஃப்த் வீலை மாட்டிக்கொண்டு ஒடித்துத் திருப்பினால், ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்கண்ணாடியைப் பதம் பார்த்துவிடும். இதற்கென்றே பின்னால் நகர்ந்துகொடுக்கும் ஹிட்ச் விற்கிறார்கள், விலை கூடுதல்.

*

மாட்டும்போது தொட்டியின் பின்கதவை இறக்கிவிட்டுத்தான் ஃபிஃப்த் வீலுக்கு ரிவர்ஸ் எடுக்க வேண்டும். கழற்றிவிட்டு முன்னே நகரும்போதும் அப்படியே. மறந்தால் கதவு அப்பளம். கூஸ்நெக்கில் வேறு வேலை: பெரும்பாலான மாநிலங்களில் பாதுகாப்புச் சங்கிலி கட்டியே ஆக வேண்டும்.

*

பலரும் கோட்டைவிடுவது பாரக் கணக்கில்தான். இரண்டு வகையிலும் ட்ரெய்லர் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் பிக்கப்பின் மேலேயே இறங்கும். 12,000 பவுண்டு ட்ரெய்லர், 20 சதவீதம் என்று வைத்தால் 2,400 பவுண்டு. அதோடு ஹிட்ச், ஆட்கள், சாமான். இழுக்கும் திறனை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். தாங்கும் திறனோ ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். பல சிறிய பிக்கப்கள் தோற்பது இழுவையில் அல்ல, அந்த ஸ்டிக்கர் கணக்கில்.

*

ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரைக் கூஸ்நெக் குண்டில் மாட்ட அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் கழுத்து நீளமானால் நெம்புகோல் விசை கூடி, ட்ரெய்லர் சட்டம் விரிசல் விடலாம், வாரண்டியும் போகலாம். சட்டம் செய்த கம்பெனி எழுத்தில் சம்மதம் தராமல் அடாப்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.