பாட்டுக்கும் ஒரு உறுதி வேண்டும்

வெள்ளிக்கிழமை என்றால் உடுப்பிட்டியில் பல வீடுகளில் மரக்கறிச் சமையல், பின்னேரம் கோயில். எங்கள் ஊர்ப் பெடியள் சிலருக்கு இப்போது அது பாட்டு வெளிவரும் நாளும்கூட. 2015 யூலை 10 முதல் உலகெங்கும் புதிய பாடல்களை வெள்ளிக்கிழமையில் வெளியிடுவது இசைத்துறையின் வழக்கமாகிவிட்டது. ரொறன்ரோவில் இருந்து ஒருவர், சென்னையில் இருந்து ஒருவர், வடமராட்சியில் ஓர் அறைக்குள் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து ஒலிப்பதிவு செய்த ஒருவர் என்று எல்லோருடைய பாட்டும் ஒரே நாளில் ஒரே கைபேசிக்குள் வந்து விழுகின்றன.

ராப், ட்ராப் என்றதும் முகம் சுழிக்கும் மூத்தவர்களுக்காக இரண்டு வரி. ஹிப்-ஹொப் 1973இல் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், காசில்லாத கறுப்பின இளைஞர்களின் வீட்டுக் கொண்டாட்டங்களில் பிறந்தது. ட்ராப் அதன் பிள்ளை. அட்லாண்டா நகரத்துப் பிள்ளை. 1980இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட 808 என்ற மின்னணு மேள இயந்திரத்தின் அடிவயிற்றை அதிரவைக்கும் ஒலியும், அதற்கு மேலே பொரிந்து தள்ளும் சில்லொலியும்தான் அதன் அடையாளம். தவிலின் தொப்பியையும் வலந்தலையையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாகக் கனடா போன ஷான் வின்சென்ட் டி போல், யாஞ்சனின் மிருதங்கத்தோடு சேர்ந்து பாடியதைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். அவர் 2021இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரே 'மேட் இன் ஜஃப்னா'.

ஆனால் நான் எழுத வந்தது இசையைப் பற்றி அல்ல, அதன் உரிமையைப் பற்றி. 'சுயாதீனக் கலைஞர்' என்று பெடியள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். நல்லது. யாருக்கும் கைகட்டாமல் பாட்டை வெளியிடலாம் என்பது உண்மைதான். அந்தப் பாட்டு யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டால்தான் பலர் தலையைச் சொறிகிறார்கள்.

எங்கள் ஆட்கள் காணிக்கு உறுதி முடிக்காமல் அத்திவாரம் வெட்ட மாட்டார்கள். உறுதியைத் தொலைத்துவிட்டு இடம்பெயர்ந்தவர்கள், திரும்பி வந்து தங்கள் காணியைத் தங்களுடையது என்று நிரூபிக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். பாட்டும் அப்படித்தான். ஒரு பாட்டில் இரண்டு காணிகள் இருக்கின்றன. ஒன்று வரியும் மெட்டும். மற்றது ஒலிப்பதிவு. வரி உங்களுடையதாக இருக்க, ஒலிப்பதிவு வேறொருவருடையதாக இருக்கலாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய நிமிடத்திலேயே வரிக்குப் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை. ஆனால் நான்கு பேர் சேர்ந்து செய்த பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சட்டம் வந்து எழுதித் தராது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

முதல் சிக்கல் பீட்டில் தொடங்குகிறது. பெரும்பாலான பெடியள் யூரியூப்பில் கிடைக்கும் ஆயத்த இசைக்கு மேலேதான் பாடுகிறார்கள். 'இலவசம்' என்று போட்டிருந்தால், அநேகமாகக் காசு உழைக்காத பாட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று பொருள். சில டொலர் கொடுத்து வாங்கினாலும் அது வாடகைக் குத்தகை. அதே பீட்டை இன்னும் நூறு பேருக்கு விற்க அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த நூறு பேரில் ஒருவர் முந்திக்கொண்டு யூரியூப்பின் உரிமை கண்டறியும் பொறியில் அதைத் தன்னுடையதாகப் பதிந்துவிட்டால், உங்கள் பாட்டுக்கு மேல் உரிமைகோரல் வந்து விழும், வருமானமும் அங்கே போய்விடும். முழு உரிமையோடு வாங்குவது என்றால் விலை வேறு.

உலகம் அறிந்த உதாரணம் லில் நாஸ் எக்ஸ். நெதர்லாந்து இளைஞர் யங்கியோ செய்த பீட்டை இணையத்தில் 30 டொலருக்கு வாங்கி அவர் பாடிய 'ஓல்ட் டவுன் ரோட்' 2019இல் அமெரிக்கப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. அந்தப் பீட்டுக்குள் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் இசைத்துண்டு இருந்தது. பிறகு அனுமதி பெற்று அவர்களுடைய பெயரையும் சேர்க்க வேண்டி வந்தது. காணியை வாங்கிய பிறகுதான் உள்ளே பங்குக் கிணறு இருப்பது தெரிந்ததுபோல. சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்த மாயா அருள்பிரகாசத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலும் த கிளாஷ் குழுவின் இசைத்துண்டு உண்டு. எழுதியவர்கள் பட்டியலில் அக்குழுவினரின் பெயர்களும் இருக்கின்றன.

இரண்டாவது சிக்கல் எங்களுக்கே உரியது. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு 2021இல் வந்தது. ஆனால் அதில் பாட்டை நேரடியாக ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், ரியூன்கோர் போன்ற விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகப் போக வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கட்டணம் செலுத்தும் அட்டை வேண்டும், வருகிற காசைப் பெற ஒரு கணக்கு வேண்டும். இங்கே அது சுலபமில்லை. ஆகவே கனடா மாமாவுக்கோ லண்டன் மச்சானுக்கோ அழைப்புப் போகிறது. அவரும் ஆசையோடு தன் பெயரில் கணக்கைத் திறந்து கொடுக்கிறார். அதற்குப் பிறகு அந்த விநியோக நிறுவனத்தின் பார்வையில் பாட்டின் சொந்தக்காரர் மாமாதான். அவர் கடவுச்சொல்லை மறந்தாலும், ஆண்டுச் சந்தா கட்டத் தவறினாலும் பாட்டு இறங்கிவிடக்கூடும். குடும்பத்துக்குள் ஒரு மனஸ்தாபம் வந்தால் சொல்லவே வேண்டாம். மாமா நல்லவர்தான், நான் கேட்பது ஒரு பக்கக் கடிதம். கணக்கு அவர் பெயரில், பாட்டு உன் பெயரில், வரும் காசு இன்னாருக்கு என்று எழுதி இரண்டு பேரும் ஒப்பமிட்டால் போதும்.

"என்ன பெரிய காசு வரப்போகுது?" என்று கேட்கிறார்கள். வராமலும் போகலாம். 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்துக்குள் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் சல்லிக்காசும் கிடையாது. யூரியூப்பில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும்; குறுங்காணொளி போடுபவர்களுக்கு வேறு கணக்கு. ஆனால் ஒரு பாட்டு ஓடிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 'எஞ்சாயி எஞ்சாமி'யைப் பாருங்கள்.

2021 மார்ச்சில் மாஜா என்ற தளம் வெளியிட்ட அந்தப் பாட்டில் எங்கள் தீவின் கதை இருக்கிறது. பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பியவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை அனுப்ப முடிவெடுத்தபோது அவர்களில் யாரிடமும் விருப்பம் கேட்கவில்லை. பாட்டு பல கோடித் தடவை கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பெரிய கண்டனம் எழுந்த பிறகு அவருக்குத் தனி இணைய அட்டை வந்தது. மறு ஆண்டு, யார் இயற்றினார், யார் மெட்டமைத்தார் என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பகிரங்கமாக வெவ்வேறு விளக்கம் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ், மூன்று ஆண்டாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை என்றார். அது அவர் தரப்புக் கூற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இவ்வளவு பெரிய கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், உடுப்பிட்டிப் பெடியனின் நிலை என்ன?

காசை விடுங்கள். போர்க்காலத்தில் ஒலிநாடாக்களில் கைமாறிய எத்தனையோ பாடல்களை இன்றும் எங்கள் வீடுகளில் முணுமுணுக்கிறார்கள். யார் எழுதினார், யார் தபேலா வாசித்தார் என்று கேட்டால் பதில் இல்லை. உறையும் போனது, ஆட்களும் போனார்கள். இப்போது வெளிவரும் பாட்டுகளில், பாடுபவரின் பெயரைத் தவிர மற்றப் பெயர்கள் அதே மாதிரி விடுபடுவதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. கவிஞர், பீட் செய்தவர், கலவை செய்தவர் என்று ஒவ்வொரு பெயரும், ஒவ்வொருவரின் வீதமும், திகதியும் ஒரு தாளில் இருக்கட்டும். கூட்டாளிகள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள்.

அண்மையில் எங்கள் ஒழுங்கையில் ஒருவன் தன் புதுப் பாட்டுக்கு இப்படி ஒரு தாள் எழுத என்னைக் கூப்பிட்டான். நடுவில் அவனுடைய அம்மம்மாவின் குரல் வருகிறது, 1996இல் காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனை அழைத்து இழுத்துப் பாடுவது. கைபேசியில் பதிந்திருக்கிறான். நிகழ்த்துபவருக்கும் சட்டத்தில் உரிமை இருக்கிறது, அவவிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்றேன். தாளை வாசித்துக் காட்டினோம். 'ஒப்பாரி' என்று எழுதி அதற்கு நேரே அவவின் பெயரைப் போட்டிருந்தான், பத்து வீதம் பங்கு.

"காசு எனக்கு வேண்டாம், அதை நீயே வைச்சிரு. ஒப்பாரி எண்டதை வெட்டு," என்றா. "அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?"

வெட்டிவிட்டுக் 'குரல்' என்று எழுதினோம். பத்து வீதத்தை அவன் வெட்டவில்லை.