மறைந்து நோக்கும் கண்

தன் பொருளைத் தான் காத்துக்கொள்ளும் உரிமை யாவர்க்கும் உண்டென்பதை மறுப்பார் இலர். பூட்டும் தாழும் நாயும் காவற்காரனும் பண்டுதொட்டு அதற்கென அமைந்தவையே. இக்காலத்திலோ, சிறு துவாரத்தின் வழியே மறைந்து நோக்கும் காமிராவும் அவற்றோடு சேர்ந்துளது. ஆயின், பூட்டு ஒருவரையும் பார்ப்பதில்லை. காமிராவோ கள்வனையும் பார்க்கும், கள்வனல்லாதானையும் பார்க்கும். இதனாலேயே சட்டம் ஈண்டுக் குறுக்கிடுகின்றது. எவ்வளவிற்கு அஃது இடந்தருகின்றது என்பதை ஐரோப்பாவில் நிகழ்ந்த இரு வழக்குகளைக்கொண்டு விளக்குவாம்.

ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா மாகாணத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடை. 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதன் மேலாளர், இருப்புச் சரக்கும் விற்பனைக் கணக்கும் தம்முள் ஒவ்வாமையைக் கண்டார். பிப்ரவரியில் 7,780 யூரோவாக இருந்த நட்டம் மே மாதத்தில் 18,000 யூரோவைக் கடந்தது. ஜூன் 15ஆம் தேதி காமிராக்கள் அமைக்கப்பட்டன. வாயில்களை நோக்கியவற்றைக் குறித்துப் பணியாளர்க்கு அறிவித்தனர். பணம் பெறும் மேடைகளை நோக்கியவற்றை மறைத்து வைத்தனர். பத்தே நாட்களில் களவு புலப்பட்டது. பதிவு செய்த சரக்கைக் கணக்கினின்று நீக்கிவிட்டு, பணம் பெறாமலே ஆட்களை வெளியே விட்டமை படத்தில் தெரிந்தது. 14 பேர் வேலையிழந்தனர்.

அவர்களுள் ஐந்து பெண்கள் ஸ்டிராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அடைந்தனர். களவு நிகழவில்லை என்பதன்று அவர்களுடைய வாதத்தின் சாரம். தம்மைப் படம் பிடிப்பதை முன்னதாக அறிவித்தல் வேண்டுமென ஸ்பெயின் சட்டமே விதித்திருக்க, அங்ஙனம் செய்யாமை தம் அந்தரங்க உரிமைக்குப் பங்கம் என்பதே. 2018 ஜனவரியில் அவர்கள் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆனால் 2019 அக்டோபர் 17இல், 17 நீதிபதிகள் கூடிய பேரவையில் 14 பேர் அத்தீர்ப்பை மாற்றினர், மூவர் உடன்படவில்லை.

மாற்றியதற்குக் காரணம் யாது? பணம் பெறும் மேடை பலரும் காணும் இடம்; கழிப்பிடம், உடை மாற்றும் அறை போன்றதன்று. காமிரா இருந்ததும் பத்து நாளே. படங்களைக் கண்டவர் சிலரே. அவை களவை ஆராய்வதற்கன்றி வேறெதற்கும் பயன்படவில்லை. அன்றியும், நட்டமோ பெரிது. பலர் கூடிச் செய்ததென்ற ஐயமும் தக்க ஆதாரமுடையது. ஏதோ ஓர் அற்ப ஐயம் மாத்திரம் இருப்பின் ஒளித்துப் படம் பிடித்தல் தகாது என்பதையும் அவர்கள் வெளிப்படையாகவே உரைத்தனர். இவ்வொரு வாக்கியத்தை விட்டுவிட்டு, 'மறை காமிராவுக்கு அனுமதி கிடைத்தது' என்று மட்டும் இத்தீர்ப்பை எடுத்துரைப்போர் அதனைப் பாதியே படித்தவராவர்.

நிற்க. அது முதலாளிக்கும் பணியாளர்க்கும் இடைப்பட்ட வழக்கு. தன் சொந்த வீட்டில் காமிரா வைப்பவனுக்குச் சட்டம் எதற்கு என்று வினவுவாரும் உளர். செக் நாட்டில் ஒருவர் வீட்டுச் சன்னல்களைச் சிலர் பன்முறை உடைத்தனர். அவர் 2007 அக்டோபரில் இறவாணத்தின் கீழ் ஒரு காமிராவைப் பொருத்தினார். அது தம் வாயிலோடு நில்லாமல், பொதுப் பாதையையும் எதிர்வீட்டு வாயிலையும் பதிந்தது. மறுபடியும் ஓரிரவு கவண்கல்லால் சன்னல் உடைந்தது. படத்தின் உதவியால் இருவர் ஐயத்திற்கு உள்ளாயினர். அவர்களுள் ஒருவரோ, தம் இசைவின்றித் தம்மைப் படம் பிடித்ததாக முறையிட்டார்! வீட்டுக்காரர்க்கு அபராதம் விதிக்கப்பட்டது.

வழக்கு, முற்கூறிய மன்றத்தின் வேறாய், லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்து நீதிமன்றத்துக்குச் சென்றது. வீட்டுக் காரியங்களுக்காக ஒருவர் செய்யும் பதிவுகளுக்குத் தகவற் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. 2018 முதல் அங்கு நடைபெறும் புதிய சட்டத்திலும் அவ்விலக்கு உளது. எனினும், காமிராவின் நோக்கு வீட்டெல்லையைக் கடந்து தெருவிற் படுமாயின் அவ்விலக்குச் செல்லாதென்று 2014 டிசம்பர் 11இல் அம்மன்றம் தீர்த்தது. ஆயினும், உயிரையும் உடைமையையும் காக்க வேண்டும் என்னும் நோக்கம் அச்சட்டத்தினுள்ளேயே சீர்தூக்கத்தக்கது என்றுங் கூறி, அவ்வாறு சீர்தூக்கும் பொறுப்பைச் செக் நீதிமன்றத்திடமே விட்டது.